நார்மனுக்குப் போட்ட மணல்

அம்மாவின் உயிலில் வீடு எனக்கு வந்தது. வக்கீல் பார்க்காத ஒரு தாள் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது. அதில் ஒரே வரி: “நார்மன் ஹேசலுக்கு.”

நார்மன் ஆமை. ஹேசல் பக்கத்து வீட்டுக்காரி. நான் ஒரே மகள்.

அம்மா பெயர் டோரீன். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் நாற்பத்தோரு வருடம் மீன் அறுத்தாள். எவ்வளவு பெரிய ஹாடக் மீனையும் நான்கு வெட்டில் முள் நீக்கிப் போடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1965இல், சந்தையில் நார்மனை வாங்கினாள். மரப்பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆமைகளைக் குவித்து வைத்திருந்தார்களாம். கயிறு கட்டுவதற்காகக் கடைக்காரர் ஓட்டின் ஓரத்தில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார். அப்போது எல்லோருக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். அம்மா கயிறு கட்டவே இல்லை. அந்தத் துளைக்காக அவனிடம் கடைசிவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒருமுறை கேட்டிருந்தாலும் எனக்கு நினைவிருந்திருக்கும்.

நான் அவனுக்கு ஐந்து வருடம் இளையவள். ஒவ்வொரு மாதமும் அவன் எடையைச் சமையலறைத் தராசில் பார்த்து நோட்டில் எழுதுவாள். என் உயரம் எங்கேயும் குறிக்கப்படவில்லை. என் பட்டமளிப்பு விழாவுக்கு லீட்ஸ் வந்தவள், மழை வரும்போல இருக்கிறது, நார்மன் வெளியே இருக்கிறான் என்று நாலு மணி ரயிலுக்கே திரும்பிவிட்டாள். ஒருமுறை இதையெல்லாம் பட்டியல் போட்டுக் கேட்டேன்.

“அவன் வாயில்லாத ஜீவன்டி,” என்றாள். “உனக்கு வாய் இருக்கு. தேவைக்கு மேலயே இருக்கு.”

பிப்ரவரியில் அவள் இறந்தபோது நார்மன் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னறையில் அவனுக்கென்றே ஒரு சின்ன ஃபிரிட்ஜ். இந்த வகை ஆமை குளிர்காலம் முழுக்கச் சாப்பிடாமல் உறங்கும்; ஐந்து டிகிரியில் அவன் அதற்குள்தான் தூங்குவான். காற்றுக்காகத் தினமும் ஒருமுறை கதவைத் திறந்து மூட வேண்டும். அம்மா மருத்துவமனையில் கிடந்த நாட்களில் அதைச் செய்தது ஹேசல். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஹேசல் என்னிடம் வந்தாள். அறுபத்தாறு வயது, முன்னாள் பஸ் டிரைவர். ஒன்பது வருடமாகத்தான் அந்தத் தெருவில் இருக்கிறாள்.

“அடுத்த வாரம் அவனை எழுப்பணும் லொரெயின். எங்க வீட்டுல பெட்டி ரெடியா இருக்கு.”

“நான் கொண்டுபோறேன்.”

“நீயா? நீ எப்பவாவது அவனைத் தூக்கியிருக்கியா?”

“எங்க அம்மாவோட ஆமை அது.”

“ஆமா. அவ எழுதி வச்சதும் இருக்கே.”

“ஒரு மாசம் பாருங்க. என்கிட்ட அவன் சாப்பிடலன்னா கொண்டு வந்து விட்டுடறேன்.”

கையிலிருந்த சாண்ட்விச்சை முழுசாகத் தின்று முடித்த பிறகுதான் பதில் சொன்னாள். “என்ன மண்ணு போடணும்னு தெரியுமா?”

“மண்ணப் பத்தி எனக்குத் தெரியும்,” என்றேன்.

தெரியும்தான். முப்பது வருடமாக மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அம்மா தன் ஆமைப்பெட்டியை நவம்பரிலேயே காலி செய்து கழுவி வைத்திருந்தாள். அதில் என்ன மண் இருந்தது என்று ஹேசலை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளிடம் கேட்பதைவிட நானே கண்டுபிடிப்பது மேல் என்று தோன்றியது.

முதலில் வேண்டாதவற்றை நீக்கினேன். பைன் மரச்சீவல் கூடாது, அதன் நெடி நுரையீரலுக்கு ஆகாது. தோட்டக் கடை உரமண்ணில் வெள்ளைப் பொரி மாதிரி ஒன்று கலந்திருக்கும், அதை ஆமை தின்றுவிடும். மரப்பட்டையில் பூஞ்சை பிடிக்கும். மிஞ்சியது மணல். அடர்த்திச் சோதனைக்கு நாங்கள் பயன்படுத்தும் மணல் ஒன்று இருக்கிறது. கழுவி, உலர்த்தி, சலித்தது. ஒவ்வொரு துகளும் ஒரே அளவு. தூசி இல்லை, கல் இல்லை, கிருமி இல்லை. பெரிய மரப்பெட்டி செய்து, விளக்கு மாட்டி, பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அதைப் பரப்பினேன். ஹேசல் வந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதைத்தான் நினைத்துக்கொண்டு பரப்பினேன்.

நார்மன் எழுந்தான், வெதுவெதுப்பான நீரில் குளித்தான், குடித்தான். முதல் பத்து நாள் கீரை சாப்பிட்டான். பிறகு குறைத்தான். பிறகு நிறுத்தினான். நான் பார்த்தபோதெல்லாம் பெட்டியின் ஒரே மூலையில் சுவரைப் பிறாண்டிக்கொண்டு நின்றான். கண்கள் வீங்கியிருந்தன. இரண்டு நாள் பொறுத்துவிட்டு ஹேசலுக்குப் போன் செய்தேன். அந்த எண்ணை அழுத்தியதுபோல் கசப்பான வேலை நான் செய்ததில்லை.

மறுநாள் காலை லீட்ஸில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

“என்ன கண்ணு இது, கடற்கரையா? அவன் என்ன லீவுக்கா வந்திருக்கான்?”

“சுத்தமான மணல்.”

“சுத்தந்தான்.” விரல்களால் ஒரு குழி தோண்டினாள். நான்கு பக்கமும் சரிந்து மூடிக்கொண்டது. “குழி நிக்கல பாரு. சாயங்காலமானா அவன் எதுக்குள்ள போய்ப் படுப்பான்?”

பள்ளம் சரிந்து தொழிலாளிகள் புதையாமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஈரமும் களிமண்ணும் இல்லாத மணலில் குழி நிற்காது என்பது எங்கள் வேலையில் முதல் நாள் பாடம்.

“கீரையோட சேத்து மணலையும் தின்னிருப்பான்,” என்றாள். “டாக்டர்கிட்ட போலாம், கிளம்பு.”

எக்ஸ்ரேயில் அவன் குடல் முழுக்க வெள்ளையாக இருந்தது. தினமும் இரண்டு வேளை வெந்நீர்க் குளியல், ஊசி வழியாகத் திரவம், நடக்க விட வேண்டும் என்றார் மருத்துவர். பத்து நாளில் மணல் வெளியே வராவிட்டால் ஆமையோட்டை அறுத்து மணலை எடுக்க வேண்டும். இந்த வயதில் அதைத் தாங்குவான் என்று அவர் சொல்லவில்லை.

“எங்க வீட்டுக்குக் கொண்டு வா,” என்றாள் ஹேசல். “நீயும் வா. உன்ன வேண்டாம்னா சொல்றேன்?”

விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவின் வீட்டில் தங்கினேன். காலையும் மாலையும் ஹேசலின் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் அவனை உட்கார வைத்தோம். அவள் பெட்டியில் கருப்பாக, பொலபொலவென்று, ஒரு கல்கூட இல்லாத மண். ஒரு பிடி எடுத்து அழுத்தினேன். உருண்டையாக நின்றது. விரலால் தட்டினேன். உதிர்ந்தது.

“எந்தக் கடையில வாங்கினீங்க?”

“கடையா? அகழெலி தள்ளுன மண்ணு. அதோட மணல் கொஞ்சம். மூணுக்கு ஒண்ணு. உங்கம்மா கணக்கு.”

அகழெலி பூமிக்குள்ளேயே வாழ்வது. சுரங்கம் தோண்டும்போது நைசான மண்ணை வெளியே குவியல் குவியலாகத் தள்ளும். ஞாயிறு காலைகளில் அம்மாவும் ஹேசலும் பழைய தேவாலயத்துக் கல்லறைப் புல்வெளிக்குப் போய், பிளாஸ்டிக் பைகளில் அதை அள்ளி வருவார்களாம். ஒன்பது வருடம். ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் போன் செய்வேன், அம்மா எடுக்க மாட்டாள். பிறகு மாலைக்கு மாற்றிக்கொண்டேன். கொஞ்சம் வேலை இருந்தது என்பாள்.

மண்ணை மாற்ற வேண்டியிருந்ததால் அந்த ஞாயிறு நானும் போனேன். ஹேசல் எல்லாக் குவியலையும் தொடவில்லை. சுற்றிலும் டான்டெலியன் என்ற மஞ்சள் பூக் களைச்செடி பூத்திருந்தவற்றை மட்டும் அள்ளினாள்.

“களைக்கொல்லி அடிச்சிருந்தா இது பூத்திருக்குமா? புழு இல்லாத இடத்துல அகழெலி இருக்குமா? உங்கம்மா இந்த ரெண்டையும் பாத்துட்டுத்தான் குனிவா.”

எனக்கு இதை ஆய்வகத்தில் சொல்ல நான்கு நாளும் மூன்று கருவியும் வேண்டும். மண்ணைப் பற்றி அம்மா என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நானும் அவளிடம் பேசியதில்லை.

“இங்க வரும்போது என்னப் பத்திப் பேசுவாங்களா?” என்று கேட்டேன்.

ஹேசல் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தாள் என நினைக்கிறேன்.

“இல்ல கண்ணு. அகழெலியப் பத்திதான்.”

“ஒன்பது வருஷமுமா?”

“பேச நிறைய இருக்கு அதப் பத்தி.”

மிச்ச மண்ணை அள்ளினேன்.

ஏழாம் நாள் காலை தொட்டியின் அடியில் மணல் தெரிந்தது. எட்டாம் நாள் இன்னும் அதிகம். வடிகட்டிக் காயவைத்து எடை பார்க்கலாம் என்று ஓவனைத் திறந்தேன்.

“அத என் ஓவன்ல வச்ச, உன்னயும் உள்ள வச்சுடுவேன்,” என்றாள் ஹேசல்.

ஜன்னலோரம் காயவைத்தேன். முப்பத்தோரு கிராம். அத்தனையும் ஒரே அளவுத் துகள்.

பதினோராம் நாள் இரண்டாம் எக்ஸ்ரே. குடல் காலி. வீட்டுக்கு வந்ததும் நார்மன் ஒரு டான்டெலியன் இலையைக் காம்போடு தின்றான். பிறகு மூலைக்குப் போய் முன்னங்காலால் தோண்டினான். மண் சரியவில்லை. பாதி உடம்பை உள்ளே நுழைத்துக்கொண்டான். ஓட்டின் ஓரத்துத் துளை மட்டும் வெளியே தெரிந்தது.

“கூட்டிட்டுப் போறதுன்னா போ,” என்றாள் ஹேசல். “மண்ணும் கட்டித் தரேன். இனிமே உனக்குத் தெரியும்ல.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் மறுப்பாள், நான் சண்டை போடுவேன் என்றே நினைத்திருந்தேன். எனக்குத் தெரியும்தான். மூன்றுக்கு ஒன்று, பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம், ஆழம் ஓட்டின் உயரத்துக்குக் குறையாமல். எல்லாவற்றையும் சரியாகவே செய்துவிடுவேன். ஆனால் எட்டரைக்கு வேலைக்குப் போய் ஆறரைக்குத் திரும்புவேன். அவன் பிறாண்ட ஆரம்பித்தது எந்த மணிக்கு என்று எனக்குத் தெரியப்போவதில்லை. முதல் தடவையும் தெரிந்திருக்கவில்லை. அந்த ஒரு வரியை எழுதியபோது அம்மா இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள். அவள் எழுதியது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இங்கேயே இருக்கட்டும்,” என்றேன்.

ஹேசல் பெட்டியின்மேல் குனிந்து விளக்கை அவன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“அப்ப கதவச் சாத்து லொரெயின். அவனுக்குக் குளிருது.”

வெளியே போய்ச் சாத்தினேன்.