ஜீப்பிலிருந்து பார்த்த கோரை

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. பூதலூரில் காலைப் பாசஞ்சர் ஏறியதிலிருந்தே எனக்குக் கோபம்தான். தஞ்சாவூரில் வண்டியைக் காரணமே சொல்லாமல் நிறுத்திப் போட்டார்கள் என்பது சின்னக் கோபம். பெரிய கோபம் கொள்ளிடக் கரையில் காத்திருந்தது.

எங்கள் பள்ளியில் தமிழ் எடுக்கும் லூர்து சாரின் தங்கை ஜெபமாலை, அங்கே ஒரு மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, புருஷன் போன பிறகும் ஒண்டியாகப் பாய்க்கோரை பயிர் செய்கிறாள். குத்தகைக்காரர்களை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்ததும் மிராசுதாரின் காரியஸ்தர் புது வழி கண்டுபிடித்தார். அது தரிசு, நிற்பது தானாக முளைத்த காட்டுக்கோரை, ஆகவே குத்தகைக்காரர் என்று யாருமே இல்லை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். விசாரிக்க வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலேயே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, காட்டுக்கோரைதான்" என்று போய்விட்டாராம். ஜெபமாலை ஆபீஸ் வாசலில் போய் அழுது மன்றாடியதில், இன்று மறுபடி வருகிறார். "தாவரவியல் டீச்சர் நீங்க, ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க" என்று லூர்து சார் என்னை அனுப்பிவைத்தார்.

சீர்காழியில் இறங்கிக் கொள்ளிடம் பஸ் பிடித்தேன். டிக்கெட் நாற்பது பைசா. வழியெல்லாம் சுவர்களில் 'உழுதவனுக்கே நிலம்' என்று ஆள் உயர எழுத்து. சுண்ணாம்புக்குச் செலவழித்ததில் கொஞ்சம் அக்கறை நிலத்தின் மேலும் இருந்திருக்கலாம்.

"கோரையப் பாக்கவா இவ்வளவு தூரம் வர்றீங்க? உங்க ஊர்ல கோரையே இல்லீங்களா?" என்றார், நான் வந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்ட கண்டக்டர்.

"இருக்கு. நெல்லுக்கு நடுவுல முளைச்சா பிடுங்கி எறிவோம்" என்றேன்.

பதினோரு மணி சுமாருக்கு வயலுக்குப் போனபோது, பூவரசு நிழலில் பாய் விரித்து அதிகாரியை உட்காரவைத்திருந்தார் காரியஸ்தர். கோரைப் பாய்! அதில் சம்மணம் போட்டுக்கொண்டுதான் கோரையே பயிரில்லை என்ற பேச்சு. எனக்கு ஆத்திரம் மண்டைக்கேறியது.

"சார், தயவு பண்ணிச் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, மனுஷன் எழுந்து வந்தார். காரியஸ்தர் சலவை வேட்டிக்குப் பயந்து பாயிலேயே இருந்துகொண்டார்.

விஷயம் இதுதான். வாய்க்கால் கரை அரிக்காமல் இருக்க, வரப்போரத்தில் காட்டுக்கோரையை அறுக்காமல் விட்டுவைப்பது இங்கே வழக்கம். ஜீப்பில் இருந்தால் அந்த வேலி மட்டும்தான் தெரியும். அதைத் தாண்டி உள்ளே போனால் பாய்க்கோரை வரிசை பிடித்து நிற்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒரே பச்சை. பாய்க்கோரைத் தண்டை விரலில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும், உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும், பூ உச்சியில். காட்டுக்கோரை உருண்டை, பூ தண்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், உள்ளே தடுப்புத் தடுப்பாக வெற்றிடம். நசுக்கினால் படபடவென்று வெடிக்கும். அதிகாரியின் கையிலேயே கொடுத்து நசுக்கவைத்தேன்.

கரையேறி வந்து, "பயிர்தான்யா இது" என்றார் அவர்.

காரியஸ்தர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பயிர்தாங்க. பண்ணையில ஆள் விட்டு நாங்கதான் நட்டோம்."

அட பாவி! காலையில் தரிசு, மத்தியானம் பண்ணைப் பயிர். நாக்குக்கு நரம்பில்லை என்றால் இப்படியா? வரப்பில் நின்றிருந்த ஜெபமாலைதான் தன் இடுப்பிலிருந்த அரிவாளை உருவிக் காரியஸ்தரிடம் நீட்டினாள்.

"நீங்க நட்டதுதானே ஐயா? பாய்க்கு ஆகுறதா ஒரு பிடி அறுத்துக் குடுங்க."

அரிவாளை வாங்கினார். வரப்பில் நின்றபடியே, வேட்டி நனையாமல் குனிந்து, கைக்கெட்டிய கோரையை ஒரு பிடி அறுத்து நீட்டினார். அதிகாரி ஒரு தண்டை எடுத்து நசுக்கினார். படபடவென்று வெடித்தது.

"இந்தம்மாதான் சாகுபடி. நான் அப்படியே எழுதிடறேன்" என்று சிரித்துக்கொண்டே ஜீப் ஏறினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாளே காலைச் சேற்றில் வைத்திருந்தால் இவள் ஆபீஸ் வாசலில் அழுதிருக்க வேண்டுமா?

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜெபமாலை சாதாரணமாகச் சொன்னாள்: "ஆபீசரு உக்காந்திருந்த பாய் நாந்தான் குடுத்தேன் டீச்சர். வருஷா வருஷம் குத்தகையோட ரெண்டு பாய் நெய்யவச்சுக் குடுக்கணும்."

"அடிப்பாவி, அதை அவருகிட்ட சொல்ல வேண்டியதுதானே!"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே சொன்னேனே. 'பாயில உன் பேரா எழுதியிருக்கு?'ன்னு கேட்டாரு."

அதன் மேல் உட்கார்ந்துகொண்டே கேட்டிருக்கிறார்.

பூதலூர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அலுப்பில் பாயை எடுத்து விரித்தேன். உட்காரப் போனவள் விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்து, நான்கு ஓரமும் பார்த்தேன். அதிலும் யார் பேரும் எழுதியிருக்கவில்லை.