பிரிக்காமல் விட்ட எர்த் கம்பி

கார்த்திகை பிறந்ததிலிருந்து என் மனைவி சுடுதண்ணீர்க் குழாயைத் தொடப் பயந்தாள். விடிகாலையில் தொட்டால் சுள்ளென்று கையை இழுக்கிறது என்றாள். மூட்டுவலிக்காரி, பச்சைத்தண்ணீரில் குளித்தால் அன்று முழுக்கக் கால் மடங்காது. ஒருநாள் பார்த்தால், குழாயின் மேல் துண்டைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். துண்டு ஈரம். அன்றே ஆள் சொல்லி அனுப்பினேன்.

கடைத்தெருவிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தான். நடுப்பகலில் வந்து டெஸ்டரை வைத்தால் அது ஏன் எரியப்போகிறது?

‘ஒண்ணுமில்லீங்க சார். அம்மா சும்மா பயந்துக்கறாங்க.’

இருந்தாலும் ஹீட்டர் காயிலை மாற்றச் சொன்னேன். மறுநாள் காலையில் அதே ஷாக். தெர்மோஸ்டாட்டை மாற்றினான். அப்போதும் அதே. ‘ஹீட்டரையே மாத்திடுங்க சார், பழசாயிடுச்சு’ என்றான். மாற்ற மாற்ற அவனுக்கு என்ன நஷ்டம்? அனுப்பிவிட்டேன்.

விடிகாலையில் நானே டெஸ்டரோடு போய் நின்றேன். குழாயில் வைத்ததும் எரிந்தது. ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன், எரிந்தது. மெயினையே இறக்கினேன். வீடு முழுக்க இருட்டு, என் கையில் டெஸ்டர் மட்டும் எரிகிறது. அப்போது பக்கத்து வீட்டுக் குளியலறையில் ‘டக்’ என்று சுவிட்சு அணைந்தது. டெஸ்டரும் அணைந்தது.

பக்கத்து வீடு என் தம்பியுடையது. ஒரே வீடாக இருந்தது. அப்பா போனபின் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டோம். கொல்லையில் பதினோரு தென்னை. ஆறு எனக்கு, ஐந்தும் எலுமிச்சையும் அவனுக்கு. வெண்கலப் பானைகளைத் தராசில் நிறுத்தோம். மின் இணைப்பையும் இரண்டாக்கினோம். கசிகிற கரண்டை மண்ணில் இறக்குவதற்காகப் புதைத்திருந்த எர்த் குழாயை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அது அவன் கொல்லையில் விழுந்தது. இரண்டு குளியலறை எர்த் கம்பிகளும் அதில்தான் போய்ச் சேர்ந்தன.

சுவர் மேல் எட்டிப் பார்த்தேன். கொல்லை முழுவதும் புது டைல்ஸ். எர்த் குழாய் அதற்கடியில் போய்விட்டது. வெட்டிய கம்பிகள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சுவர்மேல் போட்டிருந்தான். அவன் ஹீட்டரில் கசிகிற மின்சாரம் மண்ணில் இறங்க வழியில்லாமல் என் குழாய்க்கு வந்துகொண்டிருந்தது.

சுவர் எழுந்த நாளிலிருந்து பேச்சில்லை. பங்காளி யாராவது இறந்தால் ஒரே படித்துறையில் முகம் பாராமல் முழுகிவிட்டு வருவோம், அவ்வளவுதான். இருந்தும் தெருவைச் சுற்றிக்கொண்டு அவன் வாசலுக்குப் போனேன்.

‘அண்ணன் வந்திருக்காங்க. வழி தவறி வந்துட்டாங்களான்னு கேளு’ என்றான் தன் மனைவியிடம், என்னைப் பார்த்துக்கொண்டே.

‘உன் ஹீட்டர்ல கரண்டு கசியுது. எர்த்த வேற பொதைச்சிட்ட. என் குழாய்ல ஷாக் அடிக்குது.’

‘எங்க குழாய்லயுந்தான் அடிக்குது. உங்க வீட்டுலேர்ந்து வருதுன்னு நாங்க ரப்பர் செருப்பு போட்டுக் குளிக்கிறோம்.’

‘நான் மெயினை அணைச்சும் டெஸ்டர் எரிஞ்சுதுடா.’

‘அத யாரு பார்த்தா?’

‘நாளைக்கு நீயே வந்து பாரு.’

‘உங்க வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொன்னது சொன்னதுதான்.’

‘அந்த டைல்ஸையாவது பேத்தெடு. யாராவது செத்துத் தொலையப் போறீங்க.’

‘செத்தா உங்களுக்கும் தீட்டுத்தானே. அதுக்குத்தான் இப்படி ஓடியாந்தீங்களா?’

அவன் மனைவி வீட்டுக்குள்ளேயே செருப்போடு நின்றிருந்தாள்.

அன்றே என் கொல்லையில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். முறுக்கியிருந்ததைப் பிரித்து என் கம்பியை மட்டும் அதில் சேர்த்திருந்தால் என் வீட்டுக் கவலை தீர்ந்திருக்கும். என் மனைவி விடவில்லை.

‘அவங்க கம்பியும் சேர்ந்தே இருக்கட்டுங்க. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?’

அப்படியே இரண்டையும் சேர்த்து எர்த்தில் கட்டினேன். மறுநாள் விடிகாலை அவன் ஹீட்டரைப் போட்டதும் கசிவெல்லாம் மண்ணில் இறங்கி, அவன் வீட்டு ஃப்யூஸ் போனது. ஃப்யூஸ் போகத்தான் வேண்டும். ஹீட்டர் கெட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. அவன் ஃப்யூஸுக்குப் புதுக் கம்பி கட்டினான். அடுத்த நாளும் போனது. மூன்றாம் நாள் சுவருக்கு மேல் தலை தெரிந்தது.

‘குழி வெட்டி என்ன வேலை பண்ணினீங்க? என் வீட்டுக் கரண்டை உறிஞ்சறீங்களா?’

‘உன் காயில் வெடிச்சிருக்குடா. அத மாத்து.’

‘என் ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. நீங்க மண்ணைத் தோண்டினப்புறந்தான் இதெல்லாம்.’

கையில் கட்டிங் பிளேயர் வைத்திருந்தான். தன் பக்கத்துக் கம்பியை வெட்டி, மீதித் துண்டை என் கொல்லையில் எறிந்தான். சற்று நேரத்தில் அவன் குளியலறையில் விளக்கு எரிந்தது. ‘டக்’ என்று ஹீட்டர் சுவிட்சைப் போடுகிற சத்தம் கேட்டது. என் குழாயில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. அவன் கசிவு இனி அவன் குழாயிலேயே நிற்கும்.

‘அவங்க வீட்டுல லைட் வந்துடுச்சா?’ என்று என் மனைவி கேட்டாள்.

‘வந்துடுச்சு. நீ போய்க் குளி’ என்றேன்.