கட்டிலுக்கடியில் இருந்த தாள்

வாட்டர்கலர் தாளைக் கையில் எடுத்தால் ஐடா அதன் ஓரத்தை நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பாள். நாக்கு ஒட்டிக்கொண்டால் தாளில் பசை போதாது, சாயத்தைக் குடித்துவிடும். ஒட்டாவிட்டால் வாங்கலாம். இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் ஒரு ரொட்டிக்கடையில் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைவாள். தாள் கடையில் யாரும் பார்க்காத நேரமாகத்தான் நக்குவாள். கூட வரும் சினேகிதி பெரில் சும்மா விடமாட்டாள்.

"உப்பு சரியா இருக்காடி?"

"மெதுவா பேசு. ஆள் பாக்குறாங்க."

கட்டிலுக்கடியில் துணி சுற்றிய தாள் ஒன்று கிடந்தது. பருத்திக் கந்தலில் கையால் செய்த கனத்த தாள். கல்யாணத்துக்குப் பெரில் கொடுத்தது. அதில் வரையும் அளவுக்கு உயர்ந்ததாக எதுவும் ஐடாவுக்குத் தோன்றவில்லை. வருடங்கள் ஓடின.

மீன்பிடிப்பை நிறுத்திவிட்ட அவள் கணவன் வால்டர், படகை உடைக்கக் கொடுத்துவிட்டான்.

"காலைல லாரி வருது ஐடா. அதுக்குள்ள அவளை ஒரு படம் போட்டுக் குடுக்குறியா?" என்றான். படகை அவன் எப்போதும் 'அவள்' என்றுதான் சொல்வான். தனக்கென்று எதையும் கேட்டறியாதவன்.

அந்தச் சாயங்காலம் ஐடாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் தாள்களைப் பரப்பினாள். வழுவழுப்பானதில் கயிறுகள் நன்றாக வரும், வானம் திட்டுத்திட்டாகிவிடும். சொரசொரப்பானதில் கடல் வரும், கயிறுகள் அறுந்து அறுந்து நிற்கும். மெல்லிய நோட்டுத் தாள் ஈரம் பட்டதும் புடைத்துவிடும். எடுத்து வைத்தாள், மறுபடி பரப்பினாள். கடைசியில் குனிந்து கட்டிலுக்கடியில் இருந்ததை இழுத்தாள். அதை மட்டும் நக்கிப் பார்க்கவில்லை. சந்தேகப்படுவதே பாவம் போலிருந்தது.

காலையில் கூழாங்கல் கரையில் உட்கார்ந்து, வானத்துக்கு நீலம் தடவினாள். தாளெங்கும் அம்மை போட்டாற்போல் கரும்புள்ளிகள் கிளம்பின. தரையின் ஈரம் பசையை என்றைக்கோ தின்றுவிட்டிருந்தது. திருப்பிப் போட்டுத் தடவினாள். அந்தப் பக்கமும் அதே கதை. மேட்டில் லாரி இறங்கிக்கொண்டிருந்தது.

"இதை மட்டும் பாக்காம விட்டுட்டேனே!"

வால்டர் தாளைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். மேட்டில் ஏறி லாரி டிரைவரிடம் போனான்.

"தம்பி, டீ குடிச்சாச்சா?"

"ஆச்சு பெரியவரே."

"எங்க வீட்டு டீ குடிக்கலையே. வா, வா."

சாயம் சோதிக்கக் கொண்டுவந்திருந்த அந்த மெல்லிய நோட்டை ஐடா உருவினாள். தாள் புடைத்தது, பள்ளத்தில் நீலம் குளமாகத் தேங்கியது. அவள் நிறுத்தவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது படம் இன்னும் காயவில்லை, ஆனால் படகு அதில் இருந்தது.

அந்தப் படம் இப்போது சமையலறைச் சுவரில் தொங்குகிறது. கீழ்ப்பாதி வீங்கியிருக்கிறது என்கிறாள் பெரில். 'அவள்' அலைமேல் நிற்கிறாள் என்கிறான் வால்டர். நல்ல தாள் கிடைத்தால் ஐடா நக்கிப் பார்த்து, அந்த ஞாயிறே வரைந்துவிடுகிறாள். கட்டிலுக்கடியில் செருப்புகள் மட்டும்தான் இருக்கின்றன.