இன்னும் கொதிக்கவில்லை

இதில் ஒரு சொல்கூட என் சரக்கு இல்லை. என் அத்தை மகனுக்கு நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளட்டும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே இருட்டில் தொங்கிக்கொண்டே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற ஆள். அப்படிப்பட்டவன் மாமனாரோடு மலையேறப் புறப்பட்டான். அதுவே பாதி பேய்க் கதை என்று வீட்டில் சிரித்தோம். மாமனார் தையல்காரர். கல்யாணத்தன்று வந்த ஏதோ ஒரு மனஸ்தாபம். ஒன்றரை வருடமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவன் மனைவிதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள்.

மேலே கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கினார்கள். விடிந்ததும் மாமனார் தன் கையால் தைத்த துணி வடிகட்டியில் காபி இறக்கி நீட்டினார். “சக்கரை போதுமா, மாப்ள?” அவ்வளவுதான். பழைய கசப்பெல்லாம் அந்த டம்ளரோடு போயிற்று.

இறங்கும்போது மூடுபனி பிடித்துக்கொண்டது. பிற்பகல் மணி மூன்று இருபது. நீட்டிய கை தெரியவில்லை. பாதையோரம் ஒரு கல் குடிசை தட்டுப்பட்டது. ஜன்னல் இல்லாத ஒற்றை அறை, உள்ளே ஒரு பெஞ்சு. ஈரக்காற்று எலும்பைத் துளைத்தது. பச்சைப் பெயின்ட் உரிந்த கதவை அவன் இழுத்துச் சாத்தினான்.

“ஒரு காபி போடு மாப்ள. குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பனி விலகிடும்.”

மூன்று முப்பத்தைந்துக்குச் சின்ன கேஸ் அடுப்பைப் பற்றவைத்தான். இரண்டு டம்ளர் தண்ணீர். நீலச் சுடர் நன்றாகவே எரிந்தது. மூன்று நாற்பத்தைந்து... சத்தமே இல்லை. மூன்று ஐம்பது... ஒரு குமிழிகூட இல்லை.

“இன்னும் கொதிக்கலையா?” என்றார் மாமனார்.

பாத்திரத்தில் விரலை விட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. பதினைந்து நிமிடம் எரிந்த அடுப்பின் மேல், சுனைத் தண்ணீர் போல.

“தலை கனக்குது மாப்ள... கொஞ்சம் சாஞ்சுக்கறேன்.”

அவர் பெஞ்சில் சரிந்தார். அவனுக்கும் கண் இமை இழுத்தது. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும்... கொதிக்கலையா?”

“கொதிச்சிடும் மாமா” என்றான்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது பெண் குரல்.

பெஞ்சுப் பக்கமிருந்து வரவில்லை. கதவடியில் தரையிலிருந்து வந்தது. தூக்கக் கலக்கத்தில் யாரோ கேட்பது போல.

டார்ச்சை அடித்தான். யாரும் இல்லை.

“மாமா! எழுந்திரிங்க, போலாம்!”

பிடித்து உலுக்கினான். வாய் திறந்திருந்தது. மூச்சு மெல்ல வந்தது.

கதவைத் தள்ளினான். அசையவில்லை. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. எந்தக் கதவையும் ஒரு பார்வையில் எடைபோடுகிறவன் அவன். தோளால் மோதினான். ஒருமுறை. இரண்டுமுறை. ஐந்துமுறை. சுவரில் மோதியது போலிருந்தது.

சர்ர்... சர்ர்...

கதவின் கீழ்ப்பக்கம். நகத்தால் மரத்தைப் பிறாண்டும் சத்தம். வெளியே அல்ல. உள்ளே. அவன் காலருகில்.

சர்ர்...

கால் துவண்டது. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. இதமாக இருந்தது...

அடைத்த இடத்தில் தூக்கம் வந்தால் அது தூக்கமல்ல. தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். அது மட்டும் எப்படியோ நினைவுக்கு வந்தது.

தவழ்ந்து போய் அடுப்பை அணைத்தான்.

முகத்தில் காற்று அடித்தது.

மாமனாரை அக்குளில் கைகொடுத்து இழுத்தான். வெளியே வந்தான். கதவு எப்போது திறந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. மணி நான்கு இருபது.

ஆறு மணிக்கு அடிவாரக் காவல் சாவடியை அடைந்தார்கள். மாமனார் தெளிந்துவிட்டார். அவருக்குத் தலை கனத்தது வரைதான் ஞாபகம். காவலரிடம் அவன் பொரிந்து தள்ளினான்.

“அந்தக் குடிசைக் கதவை முதல்ல சரி பண்ணுங்க சார். உள்ள மாட்டினா செத்தோம்.”

காவலர் எழுதுவதை நிறுத்தினார்.

“எந்தக் கதவு?”

“கல் குடிசைக் கதவுதான்.”

“ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு புருஷன் பொண்டாட்டி. இதே மாதிரி பனி. உள்ள சாத்திக்கிட்டு அடுப்பைப் பத்த வெச்சிருக்காங்க. புகை தெரியாத விஷக்காத்து. மூணாம் நாள்தான் நாங்க போனோம். அந்தம்மா கதவடியில கிடந்தாங்க.”

பேனாவை மூடி வைத்தார்.

“அன்னிக்கே கதவைப் பேத்துட்டு வந்து, இந்த முற்றத்துல போட்டுக் கொளுத்திட்டோம் தம்பி. அங்க வெறும் வாசல்தான் இருக்கு.”

மறுநாள் அவன் மனைவி இடுக்கியால் அவன் தோளிலிருந்து மூன்று மரச் சிராய்களை எடுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மூன்றிலும் பழைய பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.