ஒட்டித் தந்த நற்சான்று

எழுபதுகளில், சிட்னியின் லிட்கம் பகுதியில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். புது வேலைக்குப் போகும் இடத்தில் கொடுக்கும்படி, என் மேற்பார்வையாளர் ஒரு நற்சான்றுக் கடிதத்தை உறையில் ஒட்டித் தந்தார். ஒருநாளும் என்னைப் பார்த்துச் சிரிக்காத மனிதர். என்ன எழுதினாரோ என்ற பயத்தில், குசினியில் தண்ணீர் கொதித்த கேத்தலின் ஆவியில் பிடித்து உறையைத் திறந்தேன்.

“பிடிபட்டால் என்னப்பா செய்யிறது?” என்று மனைவி பதறினாள்.

கடிதத்தில் ‘கான்ஷியென்ஷியஸ்’ என்றிருந்தது. திட்டுகிறாரோ? அகராதியைப் புரட்டினேன். மனச்சாட்சிப்படி நடப்பவர் என்று போட்டிருந்தது.

“நல்லாத்தானே எழுதியிருக்கிறார்!”

“ஓம்” என்றேன். மடித்து வைக்கும்போதுதான் கடைசிச் சொல்லைக் கண்டேன்: ‘ட்ரஸ்ட்வேர்த்தி’. நம்பத்தகுந்தவன். அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

உறையைத் திரும்ப ஒட்டிக் கொடுத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை; வேலையும் கிடைத்தது. ஆனால் இன்றும் யாராவது என்னைப் புகழ்ந்தால் உள்ளங்கை வியர்க்கிறது.