மேடையில் மட்டும் சைகை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று உம்மா சொல்வார். இருக்கட்டும். காது கேளாத தங்கச்சிக்காகப் பள்ளிக்கூடப் படி ஏறி இறங்கிய எவளுக்கும் கோபம் அங்கேதான் இருக்கும்.

தங்கச்சி சின்ன வயதில் சிலாபப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சைகை மொழி படித்தாள். அங்கே எழுத்தெல்லாம் சிங்களம். லீவுக்கு வரும்போது அவளிடமிருந்து நான் சைகைகளைப் பொறுக்கிக்கொண்டேன். இல்லாததை நாங்களே உண்டாக்கினோம். ஒரு விரலை நிமிர்த்தி அதன் நுனியில் புகை காட்டினால் அது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி நிற்கிற நுரைச்சோலை, எங்கள் ஊர். வீட்டில் எல்லோரும் வாசிப்பதைத் தானும் வாசிக்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்ததால், வாப்பா அவளைத் தமிழில் படிக்க ஊர்ப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார்.

இங்கே சைகை தெரிந்த ஒருவரும் இல்லை. டீச்சர்மார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினார்கள். முதுகைப் பார்த்து எவரால் உதட்டை வாசிக்க முடியும்? பக்கத்துப் பிள்ளையிடம் அவள் கையால் ஏதும் கேட்டால், "கைய ஆட்டாம இரி" என்று அதட்டல். சைகை தெரிந்த ஆளை அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறோம் என்று பாடசாலை அதிபர் ஒவ்வொரு வருடமும் சொன்னார். கல்யாண வீட்டுக்கு வருகிற சொந்தக்காரரைப் போல அந்த ஆள் வந்துகொண்டே இருந்தார்; வந்து சேரவில்லை. பின்னேரங்களில் கொப்பிகளை விரித்து நான்தான் அவளுக்குப் பாடம் சொன்னேன்.

பதினோராம் ஆண்டில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் பெயர் அனுப்புகிற நேரம் அதிபர் எங்களைக் கூப்பிட்டார்.

"புள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கரைச்சல்? தையல் பழகட்டும். பேர நான் அனுப்பல்ல."

அவள் பெயிலானால் பாடசாலையின் சித்தி வீதம் குறைந்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. அது ஊருக்கே தெரியும். தங்கச்சி அன்று சாப்பிடவில்லை. எனக்கு அந்த மனிதரின் மேசையைப் புரட்டிப்போட வேண்டும் போலிருந்தது.

இதற்குள் மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தது. பாடசாலை விழாவுக்குக் கொழும்பிலிருந்து கல்வி அமைச்சின் பெரிய அதிகாரி வருகிறாராம். தங்கச்சி மேடையில் ஒரு பாட்டுக்குச் சைகை செய்ய வேண்டுமாம். பாட்டு எந்த வரியில் போகிறது என்று நான் கீழே நின்று காட்ட வேண்டுமாம். நான் முடியாது என்றேன். தங்கச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பெரியவர் வருவாரா? அப்படியென்றால் போவோம்" என்று காட்டினாள்.

கையை ஆட்டாதே என்று அதட்டிய அதே டீச்சர்தான் அன்று அவளுக்கு வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டார். இந்தப் பிள்ளைக்குச் செய்து கொடுத்த வசதிகளைப் பற்றி அதிபர் வாய் கிழியப் பேசினார். அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் சிரித்தார். மைக்கை வாங்கி, தங்கச்சியைக் காட்டி, என்னைப் பார்த்து, "மகளுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டார்.

நான் கேள்வியைக் காட்ட, தங்கச்சி கையால் சொன்னாள். நான் உரத்துச் சொன்னேன்: "எனக்குச் சோதனை எழுதணும். அதிபர் சேர் என்ட பேர அனுப்பல்ல."

அதிபர் என்னைக் காட்டிச் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். "அது ராத்தாட கதை, சேர். புள்ள அப்பிடிச் சொல்லல்ல."

சபையும் சிரித்தது. அவர் சொன்னது பொய் என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவராலும் முடியாது. ஒருவரும் ஒரு சைகை படிக்கவில்லையே! படிக்காமல் விட்டவர்களே இப்போது சாட்சி இல்லை என்கிறார்கள்.

அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் தங்கச்சிக்குக் காட்டினேன். அவள் கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். அதிகாரியின் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தாள். அவர் மடியில் கிடந்த நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதினாள்: "நான்தான் சொன்னேன். எனக்குச் சோதனை எழுத வேண்டும்."

அதிகாரி வாசித்தார். பிறகு என்னிடம், "எழுத்து நல்ல வடிவு" என்றார்.

அதையும் அவளுக்குச் சொன்னேன். அவள் இரண்டாவது வரியின் கீழே தாள் கிழிகிற மாதிரி ஒரு கோடு போட்டு அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினாள். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது. அதிபரின் பக்கம் திரும்பி, ஏன் பெயர் போகவில்லை என்று கேட்டார்.

அதிபர் என்னைப் பார்த்தார். "இஞ்ச பாருங்க, நாங்க புள்ளைட நல்லதுக்குத்தான்..."

"என்னப் பாக்காதீங்க சேர். அவவப் பாத்துச் சொல்லுங்க."

தங்கச்சி அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் என்னிடமே திரும்பினார். "பேர அனுப்புறேன் எண்டு சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் அதிகாரியைப் பார்த்தார், டீச்சர்மாரைப் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் அவரே பேனையை வாங்கி, அவளுடைய வரிகளுக்குக் கீழே "அனுப்புகிறேன்" என்று எழுதினார்.

தங்கச்சி அதை வாசித்தாள். பிறகு விரலால் அந்தச் சொல்லின் கீழே தட்டி, கையெழுத்தையும் வைக்கச் சொன்னாள்.