தலையணை உறைக்கு ஒரு பரீட்சை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், என் தலைமுடிக்கும் அம்மாவின் கம்பெனி பஸ்ஸுக்கும் தினமும் காலையில் ஒரு போட்டி நடக்கும். குடியாத்தத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கு அந்தப் பஸ் ஆறே முக்காலுக்கு வரும். பெட்டிக்கடை முனையில் நின்று இரண்டு முறை ஹாரன் அடிக்கும். அதற்குள் ஏறாதவர்களை விட்டுவிட்டு ஆம்பூருக்குப் போய்விடும். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் அம்மா தையல் பிரிவில் இருந்தாள். திரும்பி வரும்போது இரவு ஏழரை ஆகிவிடும். ஆக்கிப் போட்டு, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் நான் தூங்கியிருப்பேன். அவள் பக்கத்தில் நான் உட்காருவது, காலையில் தலை சீவும்போது மட்டும்தான்.

என் முடி இடுப்பு வரைக்கும் இருக்கும், அதுவும் சுருட்டை. படுக்கும்போது முடியாக இருப்பது, எழுந்திருக்கும்போது வேறொன்றாக மாறியிருக்கும். "இது தலையாடி, தூக்கணாங்குருவிக் கூடா?" என்று அம்மா சீப்பை எடுப்பாள். சிக்கெடுக்க முழுசாகப் பதினைந்து நிமிடம் ஆகும். நான் போடும் கூச்சலில் பக்கத்து வீட்டில் கடிகாரம் பார்க்காமலே ஆறரை மணி என்று தெரிந்துகொள்வார்கள். கடைசியில் ஹாரன் சத்தம் கேட்கும். சீப்பை என் தலையிலேயே செருகிவிட்டு, டிபன் பையோடு அம்மா ஓடுவாள். மிச்சப் பின்னலை அப்பா கயிறு திரிப்பதுபோல் திரித்து முடித்து விடுவார்.

ஒரு நாள் பஸ் நகர ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் ஏறினாள். அன்று திரும்பி வந்ததும் தீர்ப்பும் வந்துவிட்டது. "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்பவும் இப்டியே இருந்திச்சின்னா பாய்கட் வெட்டி வுட்டுடுவேன்."

எனக்கு உலகமே இருண்டுவிட்டது. கணக்கில் நான் மட்டம், ஓட்டப் பந்தயத்தில் கடைசி. பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னார்கள் என்றால் அது முடியைப் பற்றித்தான். அதுவும் போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் என் தாய்மாமன். அவர் வேறொரு ஷூ கம்பெனியின் லேபில் வேலை பார்த்தார். ஈரமான வெள்ளைத் துணியால் தோலைத் தேய்த்துத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே அவர் வேலை. நாளடைவில் அது வேலையாக இல்லாமல் வியாதியாகிவிட்டது. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைத் தொடாமல், எச்சில் தொட்ட கைக்குட்டையால் சோபா உறையைத் தேய்த்துப் பார்த்த மனிதர் அவர். அந்தச் சம்பந்தம் ஏன் கூடவில்லை என்று அவருக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவரிடம் நான் அழுதுகொண்டே முறையிட்டேன். அவர் என் தலையைப் பார்க்கவில்லை, நேராகத் தலையணையை எடுத்தார். கன்னத்தில் வைத்து ஒரு தேய் தேய்த்துவிட்டு, "இன்னாக்கா இது, தலகாணி உறையா உப்புத்தாளா?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பா விசைத்தறிக்காரர். தறியில் பழுதாகிப்போன லுங்கித் துண்டுகள்தான் எங்கள் வீட்டின் தலையணை உறைகள். புதுத் துணி, கஞ்சி விறைப்போடு இருக்கும். பத்து முறை துவைத்து அது மெத்தென்று ஆகும் நேரத்தில், தறி துடைக்க நல்ல துணி கிடைத்தது என்று அப்பா உருவிக்கொண்டு போய்விடுவார். மறுபடியும் புதுசு, மறுபடியும் விறைப்பு. ஆக, வீட்டில் இருந்த மிருதுவான துணியெல்லாம் தறிக்கு, முரட்டுத் துணியெல்லாம் எங்களுக்கு. என் கன்னத்தில் ஓயாமல் இருந்த வேர்க்குரு போன்ற பொரிக்கும் அதுதான் காரணம் என்றார் மாமா.

செல்போனைத் திறந்து காட்டினார். பட்டு உறையில் படுத்தால் முடி சிக்காதாம், முகம் பளபளக்குமாம். சாட்டின் என்றாலும் பரவாயில்லையாம். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தறிக்காரன் வூட்ல வெளித்துணியா? ஊர் சிரிக்கும், வேணாம்."

மாமா செல்போனைப் பையில் போட்டார். பிறகு, "துணியே வேணாம். தோல்ல தெச்சிட்டா?" என்றார். கையுறை தைக்கிற செம்மறித் தோல், பட்டெல்லாம் அதற்கு உறை போடக் காணாது என்று புகழ்ந்தார். தோலுக்கு எதிராகத் தறிக்காரர் சொல்ல என்ன இருக்கிறது? என்னிடம் மட்டும் மாமா ஒரு நிபந்தனை போட்டார். "சிக்கெடுக்க தெனம் எத்தினி நிமிஷம் ஆவுதுன்னு நோட்ல எழுதணும். நம்பர் இல்லாத டெஸ்டு, டெஸ்டே இல்ல."

திங்கட்கிழமை சாயங்காலம் உறை வந்தது. காப்பித்தூள் நிறம், வெண்ணெய் மாதிரி வழவழப்பு. மாமா என் கண்ணெதிரிலேயே ஈரத் துணியால் ஐம்பது முறை தேய்த்துக் காட்டினார். ஒரு பொட்டுச் சாயம் ஒட்டவில்லை. நான் ராணி போலப் படுத்துத் தூங்கினேன்.

தோலைத் தண்ணீரில் சோதித்தவர், என் தலையில் இருந்த தேங்காய் எண்ணெயில் சோதிக்க மறந்துபோனார். அதோடு வியர்வையும் சேர்ந்துகொண்டது. காலையில் அம்மா என்னைப் பார்த்து, "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டாள். காதிலிருந்து தாடை வரை என் இடது கன்னம் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்ததில் சிவப்பும் சேர்ந்துகொண்டதே தவிர, காப்பி போகவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இந்த அமளியில் ஹாரன் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது.

அந்த வருடம் அம்மா ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. வாசற்படியில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். என் தலையில் ஏறியிருந்த தோல் வாசனைக்குத் தெருநாய் ஒன்று வாலாட்டிக்கொண்டு பள்ளி வாசல் வரை துணைக்கு வந்தது.

சாயங்காலம் அம்மா தையல் மெஷினிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். நான் கத்தவில்லை. என்னால் அவளுக்குப் பஸ் போன பிறகு கத்த எனக்கு வாய் இல்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். டர்ரென்று ஏதோ கிழியும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், அப்பா தன் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டுகிற, நைந்து நைந்து பூப்போல ஆகிவிட்ட பழைய லுங்கி. தலையணை உறையை விட்டுவிட்டு இதில் தறி துடைக்கக் கூடாதா என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டும் கொடுக்காதது.

"தோலும் வேணாம், சாட்டினும் வேணாம். இதுல தெச்சி போடு. அவன் இன்னா டெஸ்டு வேணா வெச்சிக்கட்டும்" என்றார். அம்மா அவரையும் லுங்கியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோல் லுங்கியின் பக்கம் திரும்பியது.

மறுநாளே முடியில் சிக்கு பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் சுத்தமாக இல்லை. மூன்று நாளைக்கொரு முறை உறையைத் துவைத்துப் போட்டதில் கன்னத்துப் பொரியும் மெல்ல அடங்கியது. நானும் மாமாவுக்குக் கொடுத்த வாக்கை மறக்காமல் நோட்டில் எழுதி வந்தேன்.

அடுத்த ஞாயிறு மாமா வந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தார். புதன் பதினைந்து. வியாழன் பதினைந்து. வெள்ளி பதினைந்து. சனி பதினைந்து. "இன்னாது, ஒரு நிமிஷங்கூட கம்மியாவலியா?" என்று என் முடிக்குள் விரலை விட்டார். விரல் எங்கும் நிற்காமல் நுனி வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"சிக்கே இல்லியே. அப்புறம் எப்டி பதினஞ்சு?"

"அம்மா சீவிக்கினே இருக்காங்க மாமா. போதும்னு சொன்னாலும் வுட மாட்றாங்க. ஹாரன் அடிக்கிற வரிக்கும் சீவிட்டு, அப்புறம் ஓட்றாங்க."

மாமா அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வடித்தாகிவிட்ட சோற்றை மறுபடியும் கிளறிக்கொண்டிருந்தாள். மாமா பேனாவை எடுத்து நோட்டில் பெரிதாக 'பாஸ்' என்று எழுதி என்னிடம் கொடுத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு நிமிடம்கூடக் குறையாத டெஸ்டுக்கு எப்படி பாஸ் போடலாம்? அப்பாவின் லுங்கி என்பதால் மாமா பாரபட்சம் பார்த்துவிட்டார் என்றே முடிவு கட்டினேன். மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல என்னை மடிக்கு முன்னால் உட்காரவைத்து, சிக்கே இல்லாத முடியை உச்சியிலிருந்து நுனி வரை மெதுவாகச் சீவத் தொடங்கினாள்.

"சீக்கிரம்மா, பஸ் வந்துடும்" என்று நான்தான் அவளை அவசரப்படுத்தினேன்.